முப்பத்தொன்றாம் ஒயரின் மறுமுனை

முப்பத்தொன்று மினுக்கிக்கொண்டே இருக்கிறது. மற்ற நாற்பத்தேழும் நான் பெற்ற பிள்ளைகள், இது ஒன்று மட்டும் யார் வீட்டுப் பிள்ளை என்று தெரியவில்லை. மிளகு அளவுக்குப் பச்சை விளக்கு, என்னைப் பார்த்துக் கண்ணடிக்கிறது. சனிக்கிழமை, மணி இரண்டரை, ஆபீஸ் மதியத்தோடு முடிந்து, நானும் எனக்கு உதவிக்கு இருக்கிற ஹேமலதாவும் தவிர எல்லோரும் போயாயிற்று. ரேக் அறையில் கம்ப்யூட்டர்களை இணைக்கிற, நாற்பத்தெட்டு ஓட்டை உள்ள இந்த ஸ்விட்ச் பெட்டியிலிருந்து ஓட்டைக்கு ஒரு ஒயராகக் கிளம்பி, மேலே ஏறி, ஃபால்ஸ் சீலிங்குக்குள் புகுந்து, மூன்று தளத்தில் ஏதோ ஒரு மேஜைக்குப் போய்ச் சேருகிறது. எது எந்த மேஜைக்கு என்பது இந்தப் பம்ப்செட் கம்பெனியில் ஒரே ஆளுக்குத்தான் தெரியும். அந்த ஆள் நல்லமுத்து, அதாவது நான். எழுதி வைத்தது கிடையாது, பேப்பர் ஒட்டியது கிடையாது. ஒட்டிவிட்டால் அப்புறம் நல்லமுத்து எதற்கு, அந்தப் பேப்பரே போதுமே. கெட்ட புத்தி என்பார்கள், சொல்லட்டும். திங்கட்கிழமை காலையில் புதுக் கான்ட்ராக்ட்காரர்கள் வருகிறார்கள். ஜி.எம். லோகநாதன் வியாழக்கிழமை கூப்பிட்டுச் சொன்னார்: "நாப்பத்தெட்டும் எங்கெங்க போகுதுன்னு நீங்க நின்னு காட்டிட்டீங்கன்னா, ரிட்டையர் ஆகுற வரைக்கும் நீங்கதாங்க அவங்களுக்கு மேல. ஒண்ணு ரெண்டு தெரியலைன்னா எல்லாத்தையும் பிடுங்கிப் போட்டுட்டுப் புதுசா இழுத்துக்கறோம்ங்கறாங்க. அப்புறம் உங்களுக்குக் குடுக்கறதுக்கு எங்கிட்ட வேலை இல்லை பாருங்க." சிரித்துக்கொண்டே சொன்னார். சிரித்துக்கொண்டு சொல்கிறவர்களை நான் நம்புவதில்லை. எனக்கு இன்னும் இரண்டு வருஷம் இருக்கிறது. நாற்பத்தேழு தெரியும், ஒன்று தெரியாது. ஒன்று தெரியாதவனுக்கு ஒன்றுமே தெரியாது என்று சொல்ல லோகநாதனுக்கு எவ்வளவு நேரம் ஆகும்.

பேப்பர் இல்லையே தவிர அடையாளம் இல்லாமல் இல்லை. கீழே வைண்டிங் செக்‌ஷனில் மோட்டார் காயிலைக் கட்டுகிற வெள்ளைப் பருத்தி நாடா, அதில் ஒரு துண்டு ஒவ்வொரு ஒயரின் இரண்டு முனையிலும் கட்டியிருப்பேன். கீழ்த்தளத்துக்கு ஒரு முடிச்சு, முதல் மாடிக்கு இரண்டு, இரண்டாம் மாடிக்கு மூன்று. நாடாவின் வால் எவ்வளவு நீளம் விட்டிருக்கிறேன் என்பதில் செக்‌ஷன் இருக்கிறது. பார்க்கிறவனுக்கு வெறும் நாடா, எனக்கு மட்டும் முகவரி. அந்த முடிச்சையும் வேறு ஒருத்தன் போட முடியாது. நானும் ஒரு காலத்தில் வைண்டிங்கில் இருந்தவன்தான், மெஷின் என் வலது கை ஆள்காட்டி விரல் நுனியைக் கேட்டது, கொடுத்தேன். அதற்குப் பதிலாகத்தான் பழைய முதலாளி என்னை மேலே கம்ப்யூட்டர் பக்கம் உட்கார வைத்தார். நுனி இல்லாத விரலால் இழுத்துக் கட்டுவதால் என் முடிச்சு எப்போதும் இடது பக்கம் சாயும். முப்பத்தொன்றில் நாடாவே இல்லை. மொட்டையாக நிற்கிறது. அதாவது என் கண்ணில் படாமல், நான் இல்லாத நேரத்தில், இந்த அறைக்குள் வந்து யாரோ சொருகியிருக்கிறார்கள். சாவி என்னிடம் ஒன்று, ஹேமலதாவிடம் ஒன்று, லோகநாதனிடம் ஒன்று. நான் சொருகவில்லை. மிச்சம் இரண்டு.

ஒயர் எங்கே போகிறது என்று கண்டுபிடிக்க உலகத்திலேயே மலிவான வழி, பிடுங்கிவிட்டு யார் கத்துகிறார்கள் என்று பார்ப்பது. ஒரு பைசா செலவில்லை. பிடுங்கின இரண்டாவது நிமிஷம் அக்கவுன்ட்ஸிலிருந்து ஒரு குரல் வரும், "நல்லமுத்து சார், நெட் போச்சு!" சரி, இது அக்கவுன்ட்ஸ். இருபத்தாறு வருஷமாக இதுதான் என் சாஸ்திரம். இன்றைக்குக் காலையில் பதினோரு மணிக்கு, எல்லோரும் சீட்டில் இருக்கும்போதுதான் முப்பத்தொன்றைப் பிடுங்கினேன். பச்சை அணைந்தது. காத்திருந்தேன். ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம். ஒரு குரல் இல்லை, ஒரு போன் இல்லை. மறுபடி சொருகினேன், உடனே மினுக்கியது, அந்தப் பக்கம் உயிரோடு ஏதோ இருக்கிறது, இருந்தும் கத்தவில்லை. திருடனுக்குத் தேள் கொட்டினால் கத்த மாட்டான். அப்போது ஸ்டோர்ஸ் சபாபதி ஏதோ கையெழுத்துக்காக வாசலில் நின்றுகொண்டிருந்தான். ஹேமலதா என் பக்கத்தில். "இது யாரும்மா போட்டது?" என்று கேட்டேன். அவள் என்னைப் பார்த்தாள், சபாபதியைப் பார்த்தாள், மறுபடி என்னைப் பார்த்தாள். "தெரியலீங்க சார்." மூன்று பார்வை, அப்புறம்தான் ஒரு பதில். தெரியாதவளுக்குப் பதில் சொல்ல எதற்கு அவ்வளவு நேரம்? வேலைக்கு வந்து ஐந்து வருஷம், இரண்டு பிள்ளைகளுக்குத் தாய், மரியாதையான பெண் என்றுதான் நினைத்திருந்தேன். ஒரு மாதமாக நீல அட்டை போட்ட நோட்டு ஒன்றில் என்னமோ எழுதுகிறாள். நான் கிட்டே போனால் மூடுகிறாள். என் நாடாக்களை எண்ணி எழுதுகிறாள், வேறென்ன. மடியில் கனம் இருப்பதால்தான் வழியில் பயம்.

இப்போது இரண்டாவது வழி. இதுவும் மலிவுதான், காந்திபுரம் கடையில் நானே வாங்கியது, கம்பெனியிடம் கேட்டால் மூன்று பேர் கையெழுத்துப் போட வேண்டும். சீட்டிப் பெட்டி என்று நாங்கள் சொல்வோம். பெட்டியை ஒயரின் இந்த முனையில் சொருகிவிட்டால் ஒயருக்குள் சீட்டி அடித்துக்கொண்டே இருக்கும், காதுக்குக் கேட்காது. அதோடு வருகிற பேனா மாதிரியான சாமானை ஒயர் போகிற பாதையில் காட்டினால் அது கீ கீ என்று கத்தும். ஆள் கத்தாவிட்டால் என்ன, ஒயரைக் கத்த வைக்கலாம். பேனாவை ஒட்டடைக் கம்பின் நுனியில் ரப்பர் பேண்டு போட்டுக் கட்டிக்கொண்டேன், சீலிங்குக்கு எட்ட வேண்டுமே. "நீ இங்கயே இருந்து பெட்டியப் பார்த்துக்க, போன் ஆன்லயே இருக்கட்டும்" என்றேன். ஹேமலதா கையைப் பிசைந்தாள். "சார், இத நிஜமாவே தேடணுங்களா?" கேட்டாளே ஒரு கேள்வி! எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்கிற மாதிரி. "தேடாம?" என்றேன். அவள் பெட்டியைச் சொருகினாள். போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கம்போடு வெளியே வந்தேன், யாராவது பார்த்தால் ஆபீசுக்குப் பொங்கல் சுத்தம் பண்ணுகிறேன் என்று நினைப்பார்கள்.

கீ கீ. ரேக் அறை வாசலுக்கு மேலே நன்றாகக் கத்துகிறது, அங்கிருந்து இடது பக்கம், பர்ச்சேஸ் செக்‌ஷன் தலைக்கு மேல். கம்பை ஒரு அடி நகர்த்தினால் சத்தம் இளைக்கிறது, திரும்பக் கொண்டுவந்தால் தடிக்கிறது. போட்டவன் வேலை தெரிந்தவன். ட்யூப்லைட் பட்டியை ஒட்டிப் போகாமல் ஒரு முழம் தள்ளிப் போயிருக்கிறான், கரண்ட் ஒயரோடு சேர்த்துக் கட்டவில்லை, மூலையில் மடக்காமல் வளைத்துத் திருப்பியிருக்கிறான். கான்ட்ராக்ட்காரன் எவனும் இவ்வளவு பொறுமையாகப் போட மாட்டான். லோகநாதன் நல்ல ஆளாகத்தான் பிடித்திருக்கிறார். எனக்குப் பதிலாக வரப்போகிறவன் இவனாகத்தான் இருக்கும், வருவதற்கு முன்பே வந்து ஒரு ஒயர் இழுத்துக் காட்டியிருக்கிறான். யாரும் நேராக எதையும் சொல்வதில்லை இப்போது. போன மாதம் உழவர் சந்தைக்கு வெளியே நிறுத்தின வண்டியை எவனோ தள்ளிக்கொண்டு போய் எதிர்ப்பக்கம் பேக்கரி முன்னால் நிறுத்தியிருந்தான். பூட்டின வண்டி, சாவி என் பையில். ஒரு மணி நேரம் வெயிலில் அலைந்து பஸ்ஸில் வீட்டுக்குப் போனேன். பெண்டாட்டி மரகதம் கதவைத் திறந்ததும், "ஏனுங்க, வண்டிய எங்க உட்டுட்டு வந்தீங்க?" என்றாள். நான் சொல்வதற்கு முன்பே அவளுக்கு எப்படித் தெரியும்? பஸ்ஸில் வந்தவன் முகத்தில் எழுதியா இருக்கும்? அதற்கு அடுத்த வாரம் வீட்டு ஸ்விட்ச் போர்டு முழுக்க வெள்ளை டேப் ஒட்டி எழுதி வைத்திருந்தாள். ஃபேன், லைட், மோட்டார். முப்பது வருஷமாக நான் போடுகிற மோட்டார் ஸ்விட்சுக்குப் பேர் எழுதுகிறாள்! "எதுக்கு இது?" என்றேன். "எனக்குத்தானுங்க, கண்ணு சரியாத் தெரியறதில்ல." கண் தெரியாதவள் எவ்வளவு பொடி எழுத்தில் எழுதியிருந்தாள் தெரியுமா.

பான்ட்ரிக்கு மேலே திரும்புகிறது. கீ கீ, கீ கீ. காலையில் கழுவாமல் விட்ட டீ டம்ளர்களின் வாசனை. கழுத்து நோகிறது, அண்ணாந்தே நடப்பதால் தரை நகர்கிற மாதிரி இருக்கிறது. "சார், எங்க போயிட்டிருக்கீங்க?" பைக்குள்ளிருந்து ஹேமலதாவின் குரல். எங்கே போகிறேன் என்று தெரிந்துகொள்ள அவ்வளவு ஆசை. "பான்ட்ரி" என்றேன். "இன்னும் சாப்பிடலையே சார் நீங்க. சாப்பிட்டுட்டு வாங்க, அப்புறம் பாத்துக்கலாம்." நான் சாப்பிட்டேன். சாப்பிட்டேனே, தயிர் சாதம், எலுமிச்சை ஊறுகாய். அது நேற்றா? டிபன் பாக்ஸ் மேஜை மேல் கனமாக இருந்ததா, காலியாக இருந்ததா. எதற்கு இப்போது டிபன் பாக்ஸ், பேச்சை மாற்றுகிறாள், அவள் பேச்சை மாற்றினால் நானும் மாறிவிடுவேனா. மரகதமும் இப்படித்தான், சாயங்காலம் மகளோடு போனில் பேசிக்கொண்டிருப்பாள், நான் வந்ததும் "ம், ம், அப்பறம் சொல்றேன்" என்று வைத்துவிடுவாள். என்ன பேசினாய் என்றால் சமையல் குறிப்பு என்பாள். தினமும் அரை மணி நேரம் அப்படி என்ன சமையல், வீட்டில் வருவது அதே அரிசிம்பருப்புச் சாதம். காலண்டரில் அடுத்த புதன்கிழமைக்குச் சிவப்பு வட்டம் போட்டிருக்கிறாள், எதற்கு என்றால் "ஒரு எடத்துக்குப் போகணுங்க, லீவு சொல்லிருங்க" என்கிறாள். இடத்துக்குப் பேர் இல்லையா? எல்லோரும் எனக்குத் தெரியாமல் ஏதோ ஒரு ஒயர் இழுத்து வைத்திருக்கிறார்கள், எல்லா ஒயரும் எனக்குப் பின்னால்தான் போகிறது.

ஸ்டோர்ஸ் கதவுக்கு மேல் சத்தம் நின்றுவிட்டது. சுத்தமாக இல்லை. கம்பை வலது பக்கம் கொண்டுபோனேன், இல்லை. இடது பக்கம், இல்லை. இங்கே விட்டால் திங்கட்கிழமை போயிற்று. இரண்டு வருஷமும் போயிற்று. வேலை போனால் வீட்டில் உட்கார்ந்து ஃபேன், லைட், மோட்டார் என்று படித்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். வீட்டை நினைத்தால் எனக்குப் பயமாக இருக்கிறது, இதை யாரிடமும் சொன்னதில்லை. வீட்டில் எல்லாம் இடம் மாறிக்கொண்டே இருக்கிறது, இங்கே மட்டும்தான் எல்லாம் நான் வைத்த இடத்தில் இருக்கிறது. பேனாவின் பேட்டரியைத் தட்டினேன். ஒரு யோசனை வந்தது, நானாக இருந்தால் இந்த இடத்தில் என்ன செய்வேன்? பீம் குறுக்கே வருகிறது. நானாக இருந்தால் பீமைத் துளைக்காமல் கீழே இறக்கி, ஏசி குழாய்க்குப் பின்னால் ஒளித்து, மறுபடி மேலே ஏற்றியிருப்பேன். ஏசி குழாய்க்குப் பின்னால் பேனாவைக் காட்டினேன். கீ கீ. பார், அவனும் என்னை மாதிரியே யோசிக்கிறான்!

அங்கிருந்து திரும்பி, காரிடார் ஓரமாக, டிராயிங் செக்‌ஷன் கண்ணாடிக்கு மேலே. இது என்ன, வந்த வழிக்கே திரும்புகிறதே. எண்பதடி, நூறடி சுற்றி ஒயர் கிளம்பின இடத்துக்கே வருகிறது. வேண்டுமென்றே சுற்றியிருக்கிறான், எந்தப் பக்கம் போகிறது என்று ரேக் அறையில் நின்று பார்க்கிறவனுக்குத் தெரியக் கூடாது என்று. ரேக் அறை வாசலுக்கு எதிரே பழைய பீரோ ஒன்று நிற்கிறது, அதன் மேல் காலாவதியான கேட்டலாக் அட்டைப்பெட்டிகள். சத்தம் அங்கே இறங்குகிறது, பெட்டிகளுக்குப் பின்னால் போய் அலறுகிறது. ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினேன். ஒரு பெட்டியில் எலுமிச்சம்பழம் அளவுக்கு வட்டமாக அறுத்திருக்கிறது. உள்ளே கேமரா. பின்னாலேயே ஒரு பிளக், கரண்ட் அதிலிருந்து. சிவப்புப் பொட்டு எரிகிறது. அது எதைப் பார்க்கிறது என்று திரும்பிப் பார்த்தேன். என் அறை வாசலை. நான் வருவதை, போவதை, எத்தனை மணிக்குக் கதவைத் திறக்கிறேன், எப்போது பூட்டுகிறேன், எல்லாவற்றையும். மெய்யாகவே வேவு பார்த்திருக்கிறார்கள், நான் நினைத்ததில் ஒன்றும் தப்பில்லை, எனக்குப் பைத்தியம் இல்லை. ஒரு நிமிஷம் சந்தோஷமாகக்கூட இருந்தது. இதை அப்படியே பிடுங்கிக்கொண்டு போய் லோகநாதன் மேஜையில் போட வேண்டும், இருபத்தாறு வருஷம் உழைத்தவனுக்கு நீங்கள் கொடுக்கிற மரியாதை இதுதானா என்று கேட்க வேண்டும். பிடுங்குவதற்காக ஒயரைப் பிடித்தேன்.

விரலில் துணி பட்டது. வெள்ளை நாடா. இரண்டு முடிச்சு. முதல் மாடி. இடது பக்கம் சாய்ந்திருக்கிறது.

ஸ்டூலின் மேல் நின்றுகொண்டே இருக்கிறேன். முடிச்சைத் தொடுகிறேன், நுனி இல்லாத விரல் அதில் சரியாகப் பொருந்துகிறது, செருப்பில் கால் பொருந்துகிற மாதிரி. எவனாவது என் முடிச்சைப் பழகியிருப்பானா? விரலை வெட்டிக்கொண்டா பழகுவான். நாடா புதுசு, தூசி ஒட்டவில்லை. யோசித்துப் பார்க்கிறேன், ஏணி, ஃபால்ஸ் சீலிங், அட்டைப்பெட்டியை அறுக்கிற கத்தி, ஒன்றுமில்லை. மறந்துபோனது என்றால் ஓரமாவது தெரியும் இல்லையா, ஒரு வாசனை, ஒரு வியர்வை. இங்கே ஓரமே இல்லை, வெட்டி எடுத்த மாதிரி.

"ஹேமா" என்றேன். போனில் சொன்னேனா நேரில் சொன்னேனா, பத்தடியில் எதிர்க் கதவுக்குப் பின்னால்தான் இருக்கிறாள். "இத யாரு போட்டது?"

குரல் பையிலிருந்தும் வந்தது, கதவு வழியாகவும் வந்தது. "அங்க வேற யாராச்சும் இருக்காங்களா சார்?"

"யாருமில்ல. சொல்லு."

"நீங்கதான் சார். மூணு வாரம் இருக்குங்க, ஒரு ஞாயித்துக்கெழம. ஜி.எம். சார் வெளியாளுங்களக் கூட்டிட்டு வந்து நம்ம ரேக்கக் காட்டறாருன்னு சந்தேகப்பட்டீங்க. நான்தான் ஏணியப் புடிச்சேன். யாருக்கும் தெரியக் கூடாதுன்னு ரேக் பக்கம் மட்டும் நாடா கட்டாம விட்டீங்க. உங்க பழைய கம்ப்யூட்டர்லதான் பதிவாகுது."

"காலையில தெரியாதுன்னியே."

"சபாபதி நின்னாருங்களே. யார் கேட்டாலும் சொல்லாத, நானே கேட்டாலும் சொல்லாதன்னு நீங்கதான் சத்தியம் வாங்கினீங்க. என்னைய சோதிக்கறீங்கன்னு நெனச்சேன். மத்தியானம்தான் சார், நீங்க சோதிக்கலைன்னு பட்டுச்சு."

காலையில் பிடுங்கியபோது யாரும் கத்தவில்லை. எப்படிக் கத்துவார்கள்? கத்த வேண்டிய ஆள் ஒயரைக் கையில் பிடித்துக்கொண்டு யார் கத்துகிறார்கள் என்று காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தான். உழவர் சந்தையில் வண்டியைத் தள்ளினவனும் அவன்தான். பேக்கரி முன்னால் நிறுத்திவிட்டுப் பன் வாங்கியிருப்பான். புதன்கிழமை எந்த இடம் என்று எனக்கு இப்போது தெரிகிறது. மரகதம் பேர் சொல்லாததற்குக் காரணம், டாக்டர் என்று சொன்னால் நான் வர மாட்டேன். எனக்கு அழுகை வருகிறது, ஸ்டூலில் நின்று அழுதால் விழுந்துவிடுவேன் என்று பீரோவைப் பிடித்துக்கொள்கிறேன்.

நாடாவை அவிழ்த்து எறிந்துவிடலாம். ஹேமலதா சத்தியத்தைக் காப்பாற்றுவாள், காப்பாற்றுகிறவள் என்று இப்போது தெரிகிறது. முப்பத்தொன்று யாரோ போட்டது, கண்டுபிடித்துப் பிடுங்கியாயிற்று, மீதி நாற்பத்தேழு என் தலையில் பத்திரம், திங்கட்கிழமை நின்று காட்டுவேன். ஆனால் பத்திரமா? அந்த நாற்பத்தேழில் எதற்கெல்லாம் இப்படி ஓரம் இல்லாமல் போயிருக்கிறது என்று எனக்கே தெரியாதே. ஒன்று வெட்டிப்போன தலையில் இன்னொன்று இருக்கிறது என்று எதை வைத்து நம்புவது.

"அந்த நோட்டு இருக்காம்மா?"

"எந்த நோட்டுங்க சார்?"

"நான் வந்தா மூடுவியே. நீல அட்டை."

"இருக்குங்க. ஒரு மாசமா நீங்க சொல்றத எழுதிட்டு வர்றேன் சார். ரெண்டாவது தடவ எங்கிட்டயே கேட்டீங்கன்னா சொல்றதுக்குத்தான். தப்பா நெனச்சுக்காதீங்க."

தப்பாகத்தான் நினைத்தேன். ஸ்டூலிலிருந்து இறங்கி, ஒட்டடைக் கம்பைச் சுவரில் சாய்த்துவிட்டு, ரேக் அறைக்குள் போனேன். அவள் எழுந்து நின்றாள், கண் சிவந்திருந்தது. போன் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது, அவள் மூச்சு விடுவது என் சட்டைப் பையில் கேட்டது. நாற்பத்தேழு நாடாவும் எதிரே தொங்குகின்றன. இதுவரை ஒருத்தருக்கும் சொல்லாதது, பெண்டாட்டிக்கும் சொல்லாதது.

"எழுதிக்க. ஒரு முடிச்சுன்னா கீழ்த்தளம், ரெண்டுன்னா இந்த மாடி, மூணுன்னா மேல. வால் குட்டையா இருந்தா ரிசப்ஷன், ஒரு விரல் நீளம்னா அக்கவுன்ட்ஸ். நான் சொல்லச் சொல்ல நீ பேப்பர்ல பெருசா எழுதி ஒயருக்கு ரெண்டு முனையிலயும் ஒட்டு. படிக்கறவனுக்குக் கண்ணு தெரியணும்."

"சரிங்க சார்."

"ஒண்ணாம் நம்பர்" என்றேன். நாடாவைப் பிடித்துப் பார்த்தேன். ஒரு முடிச்சு, குட்டை வால். "கீழ்த்தளம். ரிசப்ஷன்."

அவள் எழுதவில்லை, நோட்டின் முன்பக்கங்களைப் புரட்டி, நான் ஏற்கெனவே சொல்லியிருந்ததோடு ஒத்துப் பார்க்கிறாள். சரி என்று அவள் சொல்வதற்காக நின்றுகொண்டிருக்கிறேன்.